உறைமோர்

“யாருடி அவன்?”

ஷார்ஜாவிலிருந்து திரையில் தோன்றிய கோதண்டம், நலம்கூட விசாரிக்கவில்லை. அவன் மனைவி தமயந்தி அடுப்பை அணைத்துவிட்டுப் போனை நிமிர்த்தினாள்.

“யாரைக் கேக்கறீங்க?”

“வயித்து நிலவரத்தைப் போனுக்கு அனுப்பற நம்ம வீட்டுத் தயிர்க் கிருமி, புதுசா ஒரு ஆம்பளைக் குடல்ல ஒட்டியிருக்குன்னு என் போன் சொல்லுது. அவன் மட்டன் தின்னது, குடல் சுவர் எரியறது, எல்லாம் வருது. நம்ம வீட்ல எவன் சாப்பிடறான்?”

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பூங்கோதை கிண்ணத்தோடு வந்து, பாலுக்கு உறை ஊற்றக் கொஞ்சம் மோர் வாங்கிப் போனாள்.

“அது பூங்கோதை புருஷனோடதுங்க. உறைமோர் கொடுத்தேன்.”

“கதை விடாதே!”

தமயந்தி போனோடு எதிர்வீட்டுக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்ட பூங்கோதையின் கணவர் சிரித்தபடி, திரைக்கு முன்னால் நின்று இரண்டு பச்சை மிளகாயைக் கடித்து விழுங்கினார். சற்று நேரத்தில் ஷார்ஜாவில் கோதண்டத்தின் போனில் எச்சரிக்கை மணி அலறியது.

“சரி, நம்பிட்டேன்” என்று கோதண்டம் அசடு வழிந்தான்.

தமயந்தி வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

“லீவு முடிஞ்சு போறப்ப நீங்களும் நம்ம உறையைத்தானே எடுத்துட்டுப் போனீங்க? அப்போலேர்ந்து என் போன்ல ஒரு பொம்பளைக் குடல் வருது. உங்க வயித்துல பிரியாணி இறங்கற அன்னிக்கெல்லாம் அவ வயித்துலயும் இறங்குது. போன்தான் கோளாறுன்னு பேசாம இருந்தேன். அவளையும் ஒரு மிளகாய் கடிக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்.”