பூட்டி வைத்த மைக்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில், சிரில் ரேடியோ செட்டைத் திருகிச் சிற்றலையில் எந்த நாட்டுப் பாட்டையோ கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு சசிதரன் எட்டிப் பார்த்தான்.

“இது பேசுற செட்டாச்சே. மைக் எங்க?”

“ரெனீ அலமாரியில வச்சுப் பூட்டிட்டா. நான் கேக்க மட்டும்தான் செய்யணும்.”

“பொண்டாட்டிக்கு இப்படியா பயப்படுவ? பாவம்லா நீ.”

சிரில் சிரித்துக்கொண்டான்.

வேலை முடிந்து வந்த ரெனீ, கையைக் கழுவிவிட்டு அலமாரியைத் திறந்தாள். சிரில் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான். அவள் மைக்கை மாட்டி, தனக்கென ஒதுக்கியிருந்த எழுத்தும் எண்ணுமான அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜப்பானிலிருந்து ஒருவர் அவள் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார்.

சசிதரன் சிரிலைத் திரும்பிப் பார்த்தான்.

“இதுல பேசணும்னா லைசென்ஸ் வேணும். அந்தப் பரீட்சை ரெண்டு பேரும்தான் எழுதினோம்,” என்றான் சிரில், நெஞ்சை நிமிர்த்தி. “பாஸானது என் பொண்டாட்டிலா.”