பைய வாங்க

பாளையங்கோட்டை இசக்கியம்மாள் ஜப்பானின் வடகோடியில் மொரிதா தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறாள். குளித்து எழுந்ததும் அவர் "கொவாய்" என்பார். இருவர் காதிலும் இருக்கும் மொழிபெயர்ப்புக் கருவி அவளிடம், "பயமா இருக்கு" என்னும். மெதுவாக வரச்சொல்லி, "பைய வாங்க தாத்தா" என்று அவள் கைநீட்டினால், மூலையில் கிடக்கும் பையைத் தூக்கிக்கொள்வார். தனக்குப் பயந்துதான் மனிதர் வீட்டைவிட்டே கிளம்பப் பார்க்கிறார் என்று அவள் வேலையை விடத் துணிந்தாள்.

இன்று காலையில்தான் கருவி இருவரின் ஊர்ப்பேச்சையும் கற்று முடித்தது. குளித்து எழுந்த தாத்தா, "கொவாய்" என்றார்.

"அசதியா இருக்கு தாயி," என்றது கருவி.

இசக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பைய வாங்க தாத்தா," என்றாள்.

வெறுங்கையோடு மெல்ல நடந்து வந்தவர் பாதி வழியில் நின்றார்.

"அப்போ இத்தன நாளா அந்தப் பைய எதுக்கு தாயி சொமந்தேன்?"