கண் வைத்த யானை

தகரக் கொட்டகையின் ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் இலவம்பஞ்சு மிதக்கிறது. சென்னையில் ஒரு குழந்தைகள் கடைக்குப் போகவேண்டிய துணி யானைகள் பெட்டியில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. உடம்பு சாயம் போடாத பருத்தி. காதுகளுக்குள் மட்டும் ரவிக்கை தைத்து மிஞ்சிய பட்டு, அரக்கும் பச்சையுமாக. குழந்தை விழுங்கிவிடும் என்று பொத்தான் வைப்பதில்லை, கண்கள் கறுப்பு நூலில்தான். எல்லாம் தைத்து முடித்த பிறகே சம்பூர்ணம் கண் வைப்பாள். கடைசி யானைக்கும் வைத்தாயிற்று. அதன் வயிற்றில்தான் இப்போது தையல் விட்டிருக்கிறது. “ரெண்டு தையல் போடுக்கா, ஆட்டோக்காரர் கத்திக்கினு இருக்காரு,” என்கிறாள் பெட்டி கட்டும் பிரவீனா. சம்பூர்ணம் ஊசியில் நூலைக் கோத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். “கண்ணு தொறந்துட்டதை எப்டிம்மா குத்துறது?” “அக்கா, அது பொம்மை.” “தெரியுது. அந்தக் காதால கண்ணை மூடிப் புடி.” பிரவீனா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு காதுகளையும் மடக்கிக் கண்கள்மேல் அழுத்துகிறாள். வெளியே மறுபடியும் ஹாரன் அடிக்கிறது. சம்பூர்ணம் ஊசியை வயிற்றருகே கொண்டுபோகிறாள். பிரவீனா தன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.