கோடு விழுந்த பருப்பு

முந்திரி ஆலையின் கடைசி அறையில் தோல் பறக்கக் கூடாதென்று சன்னல்களை அடைத்திருக்கிறார்கள். சுவர்ப் பலகையில் அவித்தல், உடைத்தல், உலர்த்தல், தோலுரித்தல் என்று நான்கு அறைகள். ஒவ்வொன்றுக்கும் நேரே நூற்றுக்குத் தொண்ணூறு. "எல்லாரும் நல்லாத்தான் செய்யுதோம். ஆனா நாலையும் பெருக்கினா, நூறு முந்திரி அண்டியில அறுபத்தஞ்சுதான் முழுசா வெளிய போவுது," என்கிறாள் மேற்பார்வை பார்க்கும் ஸ்மைலின். "விரிசல் யாருக்க கையிலண்ணு பேரு எழுதணும். ரெண்டாவது தடவ பேரு வந்தா, பொறவு வேலைக்கு வரண்டாம்."

தோலுரிக்கும் பூங்கனி ஒரு பருப்பைக் குழல்விளக்கின் எதிரே பிடித்துத் திருப்புகிறாள். முதுகில் தலைமுடி போல ஒரு கோடு. கோட்டுக்குள் ஓட்டெண்ணெயின் கறுப்பு. உடைக்கும்போது அடி பலமாக விழுந்தால்தான் அது உள்ளே இறங்கும். தட்டோடு வந்த சீட்டில் உடைத்தவள் பெயர் அஞ்சு. பூங்கனியின் தங்கை. பலகையின் ஓரத்தில் அந்தப் பெயர் நேற்றே ஏறிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் டக் டக்கென்று கட்டைகளின் சத்தம் ஓயாமல் கேட்கிறது. அதில் அஞ்சுவின் அடி எதுவென்று பூங்கனிக்குத் தெரியும், அவசரமான அடி.

"யாருக்க கையிலக்கா?" பலகையைப் பார்த்தபடி ஸ்மைலின் பேனாவைத் திறக்கிறாள்.

பூங்கனி முந்தானையால் கறுப்பைத் துடைக்கிறாள். கட்டைவிரல் நகத்தைக் கோட்டில் வைத்து அழுத்துகிறாள். பருப்பு இரண்டாகிறது.

"எனக்க கையிலதான்."

தன் பெயர் பலகையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த பருப்பை எடுக்கிறாள். அதிலும் அதே கோடு.