இருப்பதிலேயே சின்னப் பழம்

“இது பூவன்தாம்மா. காட்டு வாழைங்கறது நீங்களா வச்ச பேரு.”

தேர்வாளராக வந்திருந்த டாக்டர் அழகிரி ஆய்வேட்டை மூடி, அதன் மேல் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வாய்மொழித் தேர்வில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் கதை முடிந்தது என்று கல்லூரி முழுக்கத் தெரியும்.

எதிரே அமலராணி. மூன்று வருஷமாக வாழை வேரின் நுனியைக் கிள்ளி, சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லுக்கு அடியில் கட்டைவிரலால் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம் எண்ணியவள். பூவனுக்கு முப்பத்து மூன்று. பச்சைமலையிலிருந்து அவள் கொண்டுவந்த வாழைக்கு இருபத்திரண்டு. எப்படி எண்ணினாலும் இருபத்திரண்டு. சாயம் ஏறிச் சிவந்துபோன அந்தக் கட்டைவிரலைப் பார்த்து, இவ்வளவு படித்துக் கடைசியில் கைநாட்டாகிவிட்டாயே என்று அவள் அம்மா சிரிப்பாள்.

குரோமோசோம்கள் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருக்கும், முப்பத்து மூன்று உங்கள் கண்ணுக்கு இருபத்திரண்டாகத் தெரிந்திருக்கிறது என்று அதையும் டாக்டர் தீர்த்துவைத்தார். மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பவே இல்லை.

பூவனுக்கு விதையே கிடையாதே என்று, குப்பியில் போட்டிருந்த அதன் விதைகளைக் காட்டினாள். எந்தப் பழத்து விதையோ என்றார்.

மரமே பின்னால் தோட்டத்தில் குலையோடு நிற்கிறது, வந்து பாருங்கள் என்றாள். வெயில் என்றார். நடை சாத்துவதற்குள் ஸ்ரீரங்கம் போக வேண்டுமாம். ரங்கநாதர் எழுந்து எங்கும் போய்விட மாட்டார் என்று சொல்ல வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பட்டம் போனால் போகட்டும். மரம் போய்விடுமே என்பதுதான் அவள் கவலை.

மரவள்ளி போடுவதற்காகக் காட்டைத் திருத்தியதில், பச்சைமலை ஓடைக்கரையில் இப்போது அந்த வாழை ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் துறையூர் பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டு, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அவள் கொண்டுவந்த கன்றுகள்தான். எழுபத்தேழு வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் தோட்டத்துப் பூவன் எல்லாம் இலைப்புள்ளி நோயில் கருகியபோது, இது மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் பச்சைப் பசேலென்று நின்றது. நாளைக்கு நோய் தாங்கும் வாழையை யாராவது உருவாக்க நினைத்தால் இதன் மகரந்தத்தைத்தான் தேடி வர வேண்டும்.

கல்லூரி நிர்வாகத்துக்கோ அந்த இடத்தில் ஸ்கூட்டர் ஷெட் வேண்டும். டாக்டர் காட்டு வாழை என்று ஒப்புக்கொண்டால் மரம் இருக்கும். வெறும் பூவன் என்றால் திங்கட்கிழமை வெட்டிவிடுவார்கள்.

அவளுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டியவர் அவளுடைய வழிகாட்டி ஃபாதர் அமிர்தராஜ். அவரோ டாக்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் “ஆமாங்க சார், ஆமாங்க சார்” என்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

வாழை ஆராய்ச்சிக்கு வழிகாட்டி என்று பெயர்தான். தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. வாழைப்பால் துணியில் பட்டால் முதலில் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பழுப்பாகப் பூக்கும். அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. ஃபாதரின் வெள்ளை அங்கியோ மறைமாவட்டம் முழுக்கப் பிரசித்தம். அதனால் வழிகாட்டுதல் எல்லாம் வேலிக்கு வெளியே நின்றுதான்.

அந்த நிமிஷம் அமலராணிக்கு டாக்டரைவிட அவர் மேல்தான் ஆத்திரமாக வந்தது.

ஃபாதர் பழத்தட்டை டாக்டர் பக்கம் நகர்த்தினார். வேறு எதை நகர்த்தத் தெரியும் அவருக்கு?

அட்டெண்டர் ஆண்டி காந்தி மார்க்கெட்டில் வாங்கி வந்த பூவன் பழங்கள். டாக்டருக்குச் சர்க்கரை. வருஷா வருஷம் தேர்வுக்கு வருகிறவர், வருஷா வருஷம் தட்டைத் துழாவி இருப்பதிலேயே சின்னப் பழமாகப் பார்த்து எடுப்பார். இன்றும் எடுத்தார். உரித்தார்.

“இதுதாம்மா பூவன். இதுல எங்க இருக்கு விதை?” என்று பாதிப் பழத்தை வாயில் போட்டார்.

கடக்.

அமலராணிக்கே பல் கூசியது. டாக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையில் துப்பினார். மிளகு மாதிரி கறுப்புக் கறுப்பாக விதைகள். அவற்றின் நடுவே, பல்லுக்குக் கட்டியிருந்த தங்கம்.

ஃபாதர் பதறி எழுந்து ஆண்டியைக் கூப்பிட்டார். ஆண்டி, தான் வாங்கியது அத்தனையும் பூவன்தான் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்.

அந்தக் கட்டைக் காம்பைப் பார்த்ததுமே அமலராணிக்குப் புரிந்துவிட்டது. அது தோட்டத்துக் காட்டு வாழைப் பழம் என்றாள்.

இதைப் பூவன் என்று சொல்ல டாக்டருக்கு வாய் வரவில்லை. வாய் வேறு வலித்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப் மேசைக்குப் போனார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

இருபத்திரண்டுதான் என்றார், கன்னத்திலிருந்து கையை எடுக்காமல். கையெழுத்தும் போட்டார். ஸ்கூட்டர்கள் வேறு நிழல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்ரீரங்கம் போக வேண்டிய டாக்ஸி, தில்லை நகர்ப் பல் வைத்தியரைத் தேடிப் புறப்பட்டது. வாசலில் நின்று ஃபாதர் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

காலையில் தேர்வு தொடங்கும்போது பளிச்சென்று இருந்த அந்த அங்கியின் கைமுனையில், இப்போது பழுப்பாக ஒரு கறை பூத்திருந்தது.

அமலராணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்க்கலாம் ஃபாதர் என்று மட்டும் சொன்னாள்.

“போகாதும்மா,” என்றார் அவர், போகிற டாக்ஸியை இன்னும் ஆசீர்வதித்துக்கொண்டே.