எல்லா டெர்மினல்களுக்கும்

"கல்யாணப் பத்திரிகையை கம்ப்யூட்டர்ல அனுப்பின ஆளை இப்பத்தான் பார்க்கறேன், அசோகன். டைரக்டர் உங்களை உடனே வரச் சொன்னார்" என்றாள் கிரிஜா.

ஜெர்மனியில், ஆஹென் நகரத்தின் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில், 1976-இல், அவர்கள் இருவர் மட்டும்தான் தமிழர்கள். அங்கே இருந்தது ஒரே பெரிய கம்ப்யூட்டர்; அறைக்கு அறை அதனோடு இணைத்திருந்த, வரும் செய்தியைத் தாளில் அச்சடிக்கும் டெர்மினல்கள் மொத்தம் எழுபது.

"மெஷினை நிறுத்தப் போறோம்னா மட்டும்தான் எல்லா டெர்மினலுக்கும் மெசேஜ் அனுப்பலாம். ரூல் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். ஆனா பத்திரிகை வைக்கறப்போ ஒருத்தரை விட்டாலும் மனஸ்தாபம் ஆயிடுமே. லிஸ்ட் போட உட்கார்ந்தேன். யாரை விடறதுன்னு தெரியலை. எழுபதுக்கும் தட்டிட்டேன்."

"நல்லாத் தட்டினீங்க. ஒருத்தர் பாலத்துக்குக் கணக்குப் போட்டுட்டிருந்தார். பாதித் தாள்ல எண்ணு, மீதித் தாள்ல 'சுற்றமும் நட்பும் சூழ வருக'ன்னு ஜெர்மன்ல அச்சாகியிருக்கு."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"சுற்றம்னா மொத்தம் எத்தனை பேர்னு கேட்டார்."

அசோகனுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம், பழைய சைக்கிள் விற்பனைக்கு என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியவரின் கம்ப்யூட்டர் அனுமதியை டைரக்டர் ஓராண்டுக்கு ரத்து செய்திருந்தார். தனக்கும் அப்படி நடந்தால் ஆராய்ச்சி அம்போ. டாக்டர் பட்டத்தை நம்பி மெட்ராஸிலிருந்து பெண்ணை அழைத்துவரும் மாமனாருக்கு என்ன பதில் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை இங்கேயே கல்யாணத்தை வைத்துக்கொண்டு இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டு போனான்.

டைரக்டர் லாங்கன் அவனை உட்காரச் சொல்லவில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்த அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது.

"இதை நீங்கதான் அனுப்பினீங்களா?"

"ஆமா சார். தப்புதான்."

"எழுபது டெர்மினலுக்கும்?"

"எழுபதுக்கும் சார்."

"ஸ்டோர் ரூம்ல தூசி படிஞ்சு கிடக்கே, அதுக்குமா?"

"அதுக்கும்தான் சார். இனிமே ஜென்மத்துக்கும் அனுப்ப மாட்டேன். என் அனுமதியை மட்டும் ரத்து பண்ணிடாதீங்க."

லாங்கன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அனுமதியைப் பத்தி இப்ப யார் பேசினா?" என்றார். "இந்தக் கட்டடத்துலயே டெர்மினல் இல்லாத ரூம் என்னோடது ஒண்ணுதான். என்னை மட்டும் கூப்பிடலையே அசோகன், உங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்?"