ஃபியூஸ் பாக்ஸுக்குப் பின்னால

"ஸ்பீடு பிரேக்கர்ல ஏறுனா ஹாரன் தானா அலறுது. இறங்குனா லைட்டு போயிடுது. ஏறாம இறங்காம ஓட்ட நான் என்ன ஏரோபிளேனா வச்சிருக்கேன்?"

வேங்கிக்கால் வீட்டு வாசலில் நின்று கத்தினார் ரிட்டயர்டு பேராசிரியர் அறிவுச்செல்வன். எதிரே அவருடைய செல்லப்பிள்ளை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, துணிக்கூரை, வயசு முப்பத்தஞ்சு.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் சக்கரபாணி பையை இறக்கி வைத்தான்.

"வேற யாராவது பாத்தாங்களா சார்?"

"சென்னையில மூணு பேரு. ஒருத்தன் ஹாரனை மாத்தினான். ஒருத்தன் ரிலேவை மாத்தினான். மூணாமத்தவன் வண்டியையே மாத்தச் சொன்னான்."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"ஆளை மாத்திட்டேன்."

காபி கொண்டு வந்த அவர் மனைவி சரசு, வந்த காலோடு போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"வாங்குன அன்னைக்கே சொன்னேன் தம்பி. நாலு எலுமிச்சம்பழத்தை டயருக்குக் கீழ வச்சு ஏத்தியிருந்தா..."

"கேட்டுக்கோ சக்கரபாணி! முப்பது வருஷம் காலேஜுல மின்சாரம் நடத்தினவன் பொண்டாட்டி பேசறா. எலுமிச்சம்பழத்துல ஒயரிங் சரியாயிடுமாம். நாளைக்குப் பௌர்ணமி வேற. மகாராணி மலை சுத்தப் போறாங்க. இவங்க பதினாலு கிலோமீட்டர் நடந்தா அங்க பெங்களூர்ல பொண்ணுக்குக் குழந்தை பொறந்துடும். எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குனு கேளு."

சரசு குரலை இறக்கிக்கொண்டாள்.

"ஒம்பது பௌர்ணமி வேண்டுதல் தம்பி. எட்டு முடிஞ்சுது. நாளைக்கு ஒண்ணுதான். நடுவுல விட்டா திரும்ப முதல்லேர்ந்து நடக்கணும். முட்டி தாங்காது."

சக்கரபாணி காலை வெளியே நீட்டிக்கொண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்தான். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஒவ்வொரு ஒயராகத் தட்டிக்கொண்டே போனான். ஸ்டீயரிங் பக்கம் தட்டினான், ஒன்றுமில்லை. ஸ்விட்சுப் பக்கம் தட்டினான், ஒன்றுமில்லை. ஃபியூஸ் பாக்ஸைத் தட்டினான்.

பாம்ம்ம்...

எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வந்து, ரெண்டு ஸ்க்ரூவை எடுத்து, பாக்ஸை முன்னால் இழுத்தான். பின்னால், மஞ்சள் நூல் சுற்றி, விரல் நீளத்துக்கு ஒரு செப்புத் தகடு சுருண்டு கிடந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது ரெண்டு முனையிலும் பட்டு ஹாரனை அலறவிட்டிருக்கிறது. பாடியில் பட்டால் ஃபியூஸைத் தின்றிருக்கிறது.

வெளியே எடுத்துக் காட்டினான்.

"ஐயோ, மந்திரிச்ச தகடு!" என்றாள் சரசு.

"பாத்தியா, பாத்ததும் பேரு சொல்றா!" பேராசிரியர் துள்ளினார். "எப்ப வச்ச?"

"நான் வைக்கலைங்க."

"பின்ன? அதுவா கதவைத் திறந்து, ஸ்க்ரூவைக் கழட்டி, உள்ள போய்க் குந்திக்கிச்சா?"

"நம்ம பொண்ணு மேல சத்தியமா..."

"செம்புல கரண்டு பாயும்னு எட்டாங்கிளாஸ் பையனுக்குக்கூடத் தெரியும்டீ! போதும். நாளைக்கு மலையும் கிடையாது, சுத்தறதும் கிடையாது. வீட்டுலயே கெட. அப்பவாவது புத்தி வருதா பாக்கலாம்."

சரசு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது முந்தானை கண்ணுக்குப் போனது.

சக்கரபாணிக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. சத்தமில்லாமல் இதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, 'ஒயரு தேஞ்சிருந்துச்சு சார்'னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தம்மாவின் எட்டு மாச நடை போச்சே.

பாக்ஸை மாட்டி, புது ஃபியூஸ் போட்டு, பேட்டரி ஒயரைச் சேர்த்தான். பேராசிரியரும் அவனும் வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நன்றாகக் குலுக்கினார்கள். ஹாரன் வாயைத் திறக்கவில்லை. லைட்டு கண் சிமிட்டவில்லை.

"முடிஞ்சுது சார். இந்தத் தகடைக் குப்பையில போட்டுடட்டா?"

"யோவ்!"

பேராசிரியர் பதறிப்போய் அதைப் பிடுங்கினார். வாசக்கதவை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தகட்டை ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"சத்தமா பேசாத. வண்டி வந்த அன்னைக்கு நான்தான் வச்சேன். பழைய வண்டி, எத்தினி பேரு கண்ணு படுது... வேற எங்க வச்சாப்பா ஷார்ட் ஆவாது?"

சக்கரபாணி ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"இடம் இருக்குது சார். அம்மா நாளைக்கு நடந்து முடிச்சுட்டு வரட்டும். வந்து காட்டறேன்."